காலுக்கு இரண்டு செங்கல்

மூன்று வாரமாக ராத்திரி ஒரு மணிக்கு மேல் நெஞ்செரிச்சல். தொண்டை வரை புளித்த நீர் எகிறும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி வரும்.

முதலில் காரத்தைக் குறைத்தேன். பலனில்லை. படுக்குமுன் ஒரு டம்ளர் பால் குடித்தேன். அரை மணி நேரம் இதம், அப்புறம் முன்னைவிட எரிச்சல். மூன்று தலையணை அடுக்கிப் படுத்தது இன்னும் மோசம். தலையணை கழுத்தை மட்டும்தான் தூக்கும். உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு அழுந்தும்.

கட்டிலையே சாய்த்தேன். தலைமாட்டுக் கால்கள் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு செங்கல், ஏறக்குறைய 15 செ.மீ. வழுக்காமலிருக்க இடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு. பத்து மணிச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினேன். இடப்பக்கமாகப் படுத்தேன், அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தங்கும்.

பாதி குறைந்தது. மீதிக்குக் காரணம், சாப்பிட்டதும் செரிக்கட்டும் என்று சப்பிய புதினா மிட்டாய்! உணவுக்குழாயின் அடியில் அமிலம் ஏறாமல் மூடிக்கொள்ளும் தசை வளையத்தைப் புதினா தளர்த்திவிடும். அதை நிறுத்திய நாலாம் நாள் விடியும்வரை தூங்கினேன். அப்பாடா!

விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், மார்பில் அழுத்தும் வலி இருந்தால் செங்கல் தேடாதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.