கோட்டோனூவுக்கு முந்திரித் தொழிலுக்காக வருகிறவர்களுக்கு

பெனின் நாட்டுக்கான விசாவை இணையத்திலேயே எடுத்துவிடலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை மறக்காதீர்கள். பணம் சேஃபா பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 என்று மாறாமல் நிலைநிறுத்தப்பட்ட மதிப்பு. அரசியல் சட்டப்படி போர்ட்டோ நோவோ தலைநகரமானாலும் அரசாங்கம் நடப்பது கோட்டோனூவில்தான். இவற்றையெல்லாம் உங்களை வேலைக்கு அழைப்பவர்களே சொல்லிவிடுவார்கள். முதல் பருவத்திலேயே நான் பட்ட நட்டத்தைத்தான் நான் எழுத வேண்டும்.

பண்ருட்டிக்காரர்களுக்கு இந்த ஊர்க் கொட்டை புதிதல்ல; தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் 2024 ஏப்ரல் முதல் உடைக்காத பச்சை முந்திரிக் கொட்டையை ஏற்றுமதி செய்ய பெனின் அரசு தடை விதித்துவிட்டதால், உடைக்கும் தொழிலே கோட்டோனூவிலிருந்து சுமார் 45 கி.மீ. தள்ளியிருக்கும் க்ளோ ஜிக்பே தொழிற்பேட்டையில் வளர்கிறது. நானும் அங்கே ஓர் ஆலைக்குக் கொள்முதல் செய்யத்தான் வந்தேன்.

வடக்கே ஒரு தரகரின் கிடங்கில் 80 கிலோ மூட்டைகள் ஐந்நூறு அடுக்கியிருந்தன. வாசல் பக்கத்து மூட்டைகளில் குத்தூசி போட்டு ஒரு கிலோ எடுத்து, ஒவ்வொரு கொட்டையாக வெட்டி, பொக்கையும் அழுகலையும் ஒதுக்கி நிறுத்ததில் நல்ல பருப்பு 272 கிராம் தேறியது. ஒரு 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்று சொல்லும் அவுட்டர்ன் கணக்கில் அது 48 பவுண்டு. மகிழ்ந்துபோய் அங்கேயே முன்பணம் கொடுத்தேன். ஆலையில் இறக்கி முழு லோடையும் கலந்து வெட்டியபோது 41தான் வந்தது. ஒன்றரை டன்னுக்கு மேல் பருப்பு கையைவிட்டுப் போயிற்று. அடி வரிசை மூட்டைகள் மண் தரையில் மழை ஈரம் குடித்திருந்தன. உள்ளே கொட்டையைப் பிளந்தால் பருப்பு கறுத்து, பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தது. கூலிக்காரர்கள் முன்னிலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவமானம் இன்னும் ஆறவில்லை.

இதைத் தவிர்க்கும் வழியை எனக்குக் காட்டியவர் கோட்டோனூவின் டான்டோக்பா சந்தையில் அரிசி விற்கும் ஒரு மூதாட்டி. காயலோரத்தில் பரந்து கிடக்கும் அந்தச் சந்தையின் வணிகம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. கோட்டோனூ என்ற பெயருக்கே இங்குள்ளவர்கள் பேசும் ஃபொன் மொழியில் மரணத்தின் காயல் என்று பொருள் சொல்வார்கள். இப்பகுதியை ஆண்ட தஹோமே மன்னர்களின் காலத்தில் அடிமை வணிகம் வீடா என்ற வேறொரு கடற்கரைத் துறையில் நடந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு 1851இல் மன்னர் கேஸோ ஒப்பந்தம் செய்த பிறகே மீனவ ஊராக இருந்த கோட்டோனூ வணிகத் துறையாகத் தலையெடுத்தது. இன்றும் இந்நகரம் பிற நாட்டுச் சரக்கை இறக்கி நைஜீரியாவுக்குக் கைமாற்றியே பிழைக்கிறது. அதில் நம் நாட்டுப் புழுங்கல் அரிசியும் உண்டு. ஊர் நினைவு வாட்டிய நாட்களில் அந்த அரிசிக்காகவே நான் அம்மையாரிடம் போவேன். முதலில் வணக்கமும் நலவிசாரிப்பும், பிறகுதான் விலை. இந்த வரிசையை மீறி விலை கேட்பவரை இங்கே யாரும் மதிப்பதில்லை.

நைஜீரியா 2019 ஆகஸ்டில் எல்லையை மூடி 2020 டிசம்பர் வரை திறக்காதபோது அவருடைய மூட்டைகள் தேங்கி, அடி வரிசை முழுவதும் பூஞ்சை பிடித்துவிட்டதாம். அன்றிலிருந்து சரக்கு வாங்கும்போது அடுக்கை இறக்கச் சொல்லி, கீழ் மூட்டையின் தையலை முதலில் பிரிப்பார். உள்ளே முழங்கை வரை கைவிட்டு, ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்த பிறகுதான் மேல் மூட்டையைத் தொடுவார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுக்கின் அடி, நடு, பின்சுவர் மூன்றிலும் மாதிரி எடுங்கள்; ஈரமானியில் 10 சதவீதத்துக்கு மேல் காட்டும் மூட்டைகளைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள்; லாரி ஏற்றும்போது அருகிலேயே நின்று மறுபடி வெட்டிப் பாருங்கள். அடுக்கை இறக்க மறுக்கும் தரகருக்கு, அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், ஒரு பிராங்க்கூட முன்பணம் தராதீர்கள்.