பம்ப் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்: பழைய டர்போ லாரியின் டீசல் லைனில் நடக்கும் தவறுகள்

திருமயம் பக்கம் ஜல்லி ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்கு வரும் பழைய டர்போ லாரி மேட்டில் இழுக்கவில்லை என்றால், பலருக்கும் கை முதலில் போகிற இடம் டீசல் பம்பின் ஃபுல் லோடு ஸ்க்ரூ, அதாவது எஞ்சினுக்குப் போகும் டீசலின் உச்ச அளவை வைக்கும் திருகு. அரைச் சுற்று திருகியதும் வண்டி இழுக்கும், கூடவே கறுப்புப் புகையும் தள்ளும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் மிச்சம் புகையாகவும் சூடாகவும்தான் வெளியே போகும். அந்தச் சூடு டர்போவையும் பிஸ்டனையும் தின்னும். வேலை டேங்கில் தொடங்கி, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலில் முடிய வேண்டும். வரிசையைத் தலைகீழாக்குவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

இங்கே சொல்வது இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எலிமென்ட், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு, வரிசையாக உள்ள பம்ப்) வைத்த 6 சிலிண்டர் வண்டிகளுக்கு: கம்மின்ஸ் 6பிடி எஞ்சின் வைத்த டாடா, டர்போ போட்ட பழைய லேலண்ட் போன்றவை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தூவும் காமன் ரெயில் வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது.

டேங்கைப் பார்க்காமல் புது ஃபில்டர் போடுவது வீண் செலவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்கோடு நின்ற வண்டியில் உள்ளே ஈரம் படிந்து தண்ணீர் அடியில் சேரும். ட்ரெயின் பிளக்கைத் திறந்து ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர், அதையொட்டி பழுப்புத் துரு, மேலே டீசல் என்று பிரிந்து நின்றால் டேங்கை இறக்கிக் கழுவாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். மூடியில் உள்ள காற்றுத் துளையையும் பாருங்கள். நம் செம்மண் புழுதியும் கிரீஸும் சேர்ந்து அதை அடைத்துவிடும். வண்டி இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு இழுவை குறையும்; மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும். இந்த அறிகுறியைப் பம்ப் கோளாறு என்று நினைத்துப் பம்பைக் கழற்றினால் அது வீண் வேலை.

அடுத்தது பைப். ஜி.ஐ. பைப்பில் உள்ள துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பிசினாகி நாசிலில் படியும். செம்புப் பைப் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். ஸ்டீல் ட்யூபோ டீசலுக்கென்றே வரும் ஹோஸோதான் சரி. ஹோஸை 8 மில்லிமீட்டரிலிருந்து 12க்கு மாற்றிவிட்டு, ஹோஸை இணைக்கும் நடுத்துளை உள்ள பழைய பேஞ்சோ போல்ட்டையே திரும்பப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதன் துளை சின்னதாகவே இருந்தால் ஹோஸுக்குப் போட்ட காசு வீண். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல் பிரிந்து போய் வால்வில் மாட்டும்.

உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே காய்ந்திருக்கிறதே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால் ஓரடி நீளத்துக்கு நிறமில்லாத ஹோஸை மாட்டி எஞ்சினை 1500 ஆர்.பி.எம்.மில் ஓட விடுங்கள். குமிழி ஓடினால் டேங்க் வரை ஒவ்வொரு ஜாயிண்ட்டாகப் பிரித்துப் பாருங்கள். பழைய காப்பர் வாஷரை அப்படியே போடாதீர்கள். புதிது கிடைக்காவிட்டால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மெதுவாகி மறுபடி உட்காரும். 6பிடி எஞ்சினில் லோடு வேளையில் ஃபீட் பம்ப் வாயில் வாக்யூம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் அடைப்பு அதற்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது என்று அர்த்தம்.

எலெக்ட்ரிக் பம்ப் கூடுதலாக வைப்பவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். பழைய ஃபீட் பம்பின் தள்ளுதண்டு தேய்ந்திருந்தால், கூடின அழுத்தத்தில் டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி டீசல் வாடை வந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும், பேரிங் போய்விடும். இன்னொன்று வயரிங். ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுக்காவிட்டால் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை செலவுக்கும் முன்னால், மிஞ்சும் டீசலை டேங்குக்குத் திருப்பும் ஓவர்ஃப்ளோ வால்வைப் பாருங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்து டீசல் எல்லாம் ரிட்டர்னில் திரும்பியதுதான் பல வண்டிகளில் கோளாறே.

ஃபில்டரை நிரப்பும்போது நடுத்துளையில் டீசல் ஊற்றக் கூடாது. அது வடிகட்டிய பக்கம், டீசலோடு போகும் தூசி நேரே டீசல் பம்பின் எலிமென்ட்டுக்குப் போகும். சுற்றியுள்ள சிறு துளைகளில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கைப்பம்பால் ஏற்றுங்கள். பிரித்த வாய்களைப் பனியன் வேஸ்ட் வைத்து அடைக்காதீர்கள், நூல் உள்ளே போகும். பிளாஸ்டிக் மூடி போதும்.

பம்ப் விஷயத்தில் தளர்வு வேண்டாம். டெலிவரியை (பம்ப் தள்ளும் டீசல் அளவை) வண்டியில் வைத்தே கூட்டினால் ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவு போகிறதா என்று தெரியாது, அதற்குப் பம்பைக் கழற்றி ஓட்டி அளக்கும் டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். பெஞ்சில் ஏற்றும்போதே சீல்களை மாற்றச் சொல்லுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கக் கிடைப்பது கந்தகம் 10 பி.பி.எம்.முக்கு மேல் போகாத பி.எஸ். 6 டீசல். பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் இதில் சுருங்கிக் கசியலாம், விட்டான் என்ற ரப்பரில் செய்த சீல் கேட்டு வாங்குங்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வரும் வரை டீசலைக் குறைத்து வைக்கும் டயாஃப்ரம் பெட்டியைக் கழற்றி வீசுவதும் தவறு. கிளப்பும்போதே புகை கக்கும். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் புதிதாக மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

நாசில் மாற்றும்போது ஆறையும் சேர்த்து மாற்றி, திறக்கும் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வையுங்கள். நாசிலைக் கழற்றிய குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வாஷர் அங்கேயே ஒட்டியிருக்கும். அதன்மேல் புதிதை வைத்தால் நாசில் உயர்ந்து, ஸ்ப்ரே பிஸ்டன் கிண்ணத்தில் சரியாக விழாமல் புகை வரும், பிஸ்டனும் எரியலாம்.

எல்லாம் முடிந்தபின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னால், புகையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வையுங்கள். முழு லோடில் தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்ட் ஹோஸ் கசிவையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்குப் புகைச் சான்றின் வரம்பு 65 ஹெச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) என்பதையும் மறக்காதீர்கள்.

கசிவைத் தேட விரலை நீட்டவே கூடாது. ஹை பிரஷர் பைப்பின் ஊசி முனைக் கசிவு தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்தும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது அவசர சிகிச்சைக்குரியது, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அட்டைத்துண்டு பிடித்துப் பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் புது ஃபில்டரைக் கழற்றி அறுத்து விரித்துப் பாருங்கள். கறுப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் ஹோஸ் உரிகிறது; பழுப்புத் தூள் டேங்க் துரு; காந்தத்தில் ஒட்டும் மினுக்குத் துகள் என்றால் ஃபீட் பம்ப் தேய்கிறது.