பூஞ்சை பிடித்த இசைத்தட்டை ஒதுக்காதீர்கள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய நாட்டுப்புறப் பாட்டு இசைத்தட்டு வாங்கும்போது, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் பூஞ்சைதான். பேரம் பேசி வாங்கிவிடலாம். இந்தத் தட்டுகள் வினைல் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதால் பூஞ்சை மேலாகத்தான் படிந்திருக்கும்; காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து, மெல்லிய துணியால் வரியோடு வரியாகத் துடைத்தால் போய்விடும். நடு லேபிளில் மட்டும் ஈரம் படக்கூடாது. வரிகள் சாம்பல் பூத்து மங்கியிருந்தால் வேண்டாம். அது ஊசி தேய்த்த தேய்மானம், எப்படிக் கழுவினாலும் சத்தம் தெளியாது.

கனமான 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும்) அரக்குத் தட்டுகள் வேறு. அவற்றில் ஆல்கஹால் கலந்த திரவம் எதையும் தொடவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.