கடவுளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: கடற்கரைத் தாய்மாருக்கு

இரையுமன்துறை முதல் கேரள எல்லையை ஒட்டிய நீரோடி வரை உள்ள எங்கள் கடற்கரை ஊர்களில், வருஷத்தின் பெரும்பகுதி வீட்டை நடத்துவது பெண்கள்தான். ஆண்கள் கொச்சி தோப்பும்படியிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ ஆழ்கடலுக்குப் போனால், திரும்ப ஒரு மாதம் ஆகும், சிலநேரம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை பிள்ளையின் காய்ச்சல், பள்ளிக்கூடப் பணம், சீட்டுத் தவணை, மாமியாரின் மருந்து எல்லாம் ஒருத்தி தலையில். அன்பியக் கூட்டம், அதாவது பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம், முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் இளம் தாய்மார் என்னிடம் மெதுவாகக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, தினமும் ஜெபம் சொல்கிறேன். ஆனால் மனசுக்குப் பலம் வரவில்லையே, என்ன செய்ய?"

நான் பார்த்தவரை அதற்குப் பெரிய காரணம், கடவுளுக்கு முன்னாலும் நாம் நல்ல மருமகளாக நடந்துகொள்ள முயல்வது. உள்ளே பயமும் எரிச்சலும் கொதிக்கும், வாய் மட்டும் "உமது சித்தம் ஆண்டவரே" என்று சொல்லும். அப்படிச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போவோம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். பிள்ளை பெற்று ஆறு மாதம்கூட ஆகாதவள் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையையும் முழங்காலில் இருந்து சொல்ல வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போது மூன்று வேளையும் சொல்லும் மாதா ஜெபமான திரிகால ஜெபம், அதோடு ஜெபமாலையில் ஒரு பத்து, அதாவது பத்து "அருள்நிறைந்த மரியே". அது மூன்று நான்கு நிமிஷம்தான். பால் கொடுத்துக்கொண்டே சொல்லலாம், அடுப்பில் மரச்சீனி வேகும்போது சொல்லலாம். விரலில் எண்ணினாலும் கணக்குதான். ஜெபமாலை சொல்லும்போது நினைக்க வேண்டிய இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளைத்தான் மறையுண்மை என்கிறோம், நாளுக்குரியது தெரிந்திருந்தால் நல்லது: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்கான ஒளியின் மறையுண்மைகள் 2002-ல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் சேர்த்தவை, அதனால் வீட்டுப் பாட்டிமாருக்கு அது பழக்கமில்லாமல் இருக்கும். அதற்காக அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். ஒரே நேரம், ஒரே இடம் என்று கொஞ்ச நாள் போனால், மனசு ஓடாத நாளிலும் உடம்பு தானாக அங்கே போய் உட்காரும். எனக்குக் கடலைப் பார்த்த குருசடி, அதாவது சிலுவை வைத்த சின்னக் கோயில், அதன் திண்ணைதான் இடம். உங்களுக்கு அடுக்களை மூலையாக இருக்கலாம்.

அடுத்தது, அங்கே உட்கார்ந்து என்ன சொல்வது. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

சொந்த வார்த்தை வராவிட்டால் பைபிளில் உள்ள திருப்பாடல்களை எடுங்கள். பாதிரியாரோ உபதேசியாரோ எழுதிக் கொடுக்கும் அழகான மன்றாட்டுகளைவிட அவை முரட்டுத்தனமானவை. 13-ஆம் திருப்பாடல் ஆறே வசனம். தொடங்கும்போதே "எத்தனை காலம்?" என்று கடவுளிடம் நான்கு தடவை கேட்கிறது. 88-ஆம் திருப்பாடல் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு ஆறுதல் வரி இல்லை. அதையும் திருச்சபை ஜெபம் என்றே வைத்திருக்கிறது. அப்படியானால் உங்கள் அழுகைக்கும் அங்கே இடம் உண்டு. வாய்விட்டு வாசியுங்கள். ஒரு வரியில் தொண்டை அடைத்தால் அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தில் உங்கள் காரியத்தைச் சொல்லுங்கள்: இந்த மாதம் வட்டி கட்டக் காசில்லை, மூத்தவன் பேச்சைக் கேட்பதில்லை, அவர் கூப்பிட்டுப் பல நாளாகிவிட்டது.

முதல் சாமுவேல் புத்தகத்தில் அன்னாவைப் பாருங்கள். பிள்ளை இல்லை, புருஷனின் இன்னொரு மனைவி குத்திக் குத்திப் பேசுகிறாள், சோறு இறங்கவில்லை. சீலோ ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபிக்கிறாள். குரு ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார்! அவள் அவரிடம் மரியாதையாக, ஆனால் பயப்படாமல், தன் மனசைத்தான் ஆண்டவர் முன் ஊற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். அதற்கு அப்புறம் வருவதைத்தான் நான் எல்லோருக்கும் காட்டுவேன். எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அவள் முகம் மாறியது என்று எழுதியிருக்கிறது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை கிடையாது. எதுவுமே நடந்திருக்கவில்லை. ஆனாலும் அவளால் சாப்பிட முடிந்தது. ஜெபத்தில் வரும் பலம் என்று நான் சொல்வது இதைத்தான். அதனால் ஜெபம் முடிந்ததும் நீங்களும் எழுந்து கஞ்சியைக் குடியுங்கள். பிள்ளைகள் வைத்த மிச்சத்தை அல்ல, உங்களுக்கென்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பயறு போட்டுக் குடியுங்கள்.

மாதாவும் அப்படித்தான். பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடிக் கோயிலில் கண்டுபிடித்ததும், "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்று நேரே கேட்டாள். அவன் சொன்ன பதில் அவளுக்குப் புரியவில்லை என்றும், எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்தாள் என்றும் லூக்கா எழுதுகிறார். புரியாமல் இருப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

காற்று கடுமையாக அடிக்கும் ராத்திரிக்குத் தனியாக ஒரு முறை வைத்திருக்கிறேன். 107-ஆம் திருப்பாடலில் 23 முதல் 30 வரை உள்ள வசனங்கள் கப்பலில் தொழில் செய்யப் போனவர்களைப் பற்றியவை. அலை மேலே தூக்கிக் கீழே தள்ள, குடித்தவர்களைப் போல ஆள்கள் தள்ளாட, தெரிந்த தொழில்நுணுக்கமெல்லாம் பலிக்காமல் போக, அவர்கள் கூப்பிட, அவர் கரை சேர்க்கிறார். அதை எழுதியவர் கடலை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரையும் போட்டில் கூட இருப்பவர்கள் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி இதை வாசியுங்கள். பெயர் சொல்வது முக்கியம், "எல்லாரையும் காப்பாற்றும்" என்று பொதுவாகச் சொன்னால் பயம் அடங்காது. படகில் தூங்கிய இயேசுவைச் சீடர்கள் எழுப்பிய மாற்கு 4-ஆம் அதிகாரமும் அந்த ராத்திரிக்கு ஏற்றது. "நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா?" என்று கேட்டவர்களும் மீனவர்கள்தான்.

அதோடு பகலிலேயே செய்து வைக்க வேண்டியதும் உண்டு. போட்டின் பெயர், பதிவு எண், உரிமையாளரின் போன் எண், கூடப் போன ஆள்களின் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பீடத்துப் படத்துக்குக் கீழேயே வையுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, தமிழ்நாட்டுக் கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் எழுதுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் முதலில் உரிமையாளருக்குப் போன், அப்புறம் ஜெபமாலை. போனைக் கையில் எடுப்பதால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

வளர்ந்த பிள்ளைகளால் நொந்தவர்களுக்குப் புனித மோனிக்காவைச் சொல்வேன். அவர் திருநாள் ஆகஸ்ட் 27. ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவைச் சேர்ந்த தாய். மகன் அகுஸ்தீன் ரோமாபுரிக்குக் கிளம்பும்போது விடமாட்டேன் என்று துறைமுகம் வரை கூடவே போனார். நண்பனை வழியனுப்பத்தான் நிற்கிறேன் என்று பொய் சொல்லி, அம்மாவைப் பக்கத்தில் இருந்த புனித சிப்ரியானின் ஆலயத்தில் தங்கச் சொன்னான் மகன். அவர் அங்கே அழுது ஜெபித்துக்கொண்டிருந்த அதே ராத்திரி கப்பலேறிப் போய்விட்டான். விடிந்ததும் கடற்கரையில் நின்று கதறிய அந்தத் தாயை நினைத்தால், சொல்லாமல் போட்டில் ஏறிய மகன்களின் அம்மாமார்தான் எனக்குக் கண்ணில் தெரிகிறார்கள். அவர் கடல் கடந்து பின்னாலேயே போனார். 387-இல் மிலான் நகரில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றதைப் பார்த்தார், ஊர் திரும்பும் வழியில் அதே வருஷம் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். மகனுக்கு அறிவுரை சொல்லும்படி ஓர் ஆயரை அவர் விடாமல் நச்சரித்ததாகவும், இப்போது சொன்னால் கேட்கமாட்டான், ஜெபியுங்கள் என்று அந்த ஆயர் சொன்னதாகவும் அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். மகனிடம் ஓயாமல் புத்தி சொல்வதைக் கொஞ்சம் குறைத்து, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் சண்டை குறைவதை நான் கண்டிருக்கிறேன்.

தனியாக எவ்வளவு ஜெபித்தாலும் போதாத காலம் ஒன்று வரும். ஒக்கிப் புயல் அப்படிப்பட்டது. 2017 நவம்பர் 29-ஆம் தேதி ராத்திரி காற்று தொடங்கியபோது எங்கள் ஆழ்கடல் போட்டுகள் எட்டாத தூரத்தில் இருந்தன. எத்தனையோ பேர் திரும்பவில்லை, பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். துக்க வீட்டுக்குப் போகும்போது "கடவுள் சித்தம்" என்று சொல்லாதீர்கள். "அவர் நல்ல இடத்தில் இருக்கிறார்" என்பதும் அப்போது வேண்டாம். ஒரு செம்பு கட்டன்சாயா போட்டுக் கொடுங்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுங்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து துயர மறையுண்மை சொல்லுங்கள். அவளால் பதில் சொல்ல முடியாவிட்டால் பாதகமில்லை, ஒவ்வொரு ஜெபத்தின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் நீங்களே சொல்லுங்கள். ஜெபிக்க முடியாதவளுக்காக மற்றவர்கள் ஜெபிக்கத்தான் அன்பியம். கல்லறை இல்லாதவர்களுக்கு, இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2 மிகவும் கனமான நாள். அன்று அவளைத் தனியாக விடாமல், கூடவே கடற்கரைக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

அந்த வருஷம் டிசம்பரில் எங்கள் பக்கத்து ஆண்களும் பெண்களும் திரண்டு நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். அதையும் நான் ஜெபத்தோடுதான் சேர்ப்பேன். லூக்கா 18-இல் நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்து நியாயம் வாங்கிய கைம்பெண்ணை, மனந்தளராமல் ஜெபிப்பதற்கு எடுத்துக்காட்டாக இயேசுவே காட்டுகிறார். கடவுளிடம் உள்ளதைச் சொல்லிப் பழகிய பெண்ணுக்குக் கலெக்டர் முன்னால் பேச நா எழும்.

இனி, ஜெபம் மட்டும் போதும் என்று விடக்கூடாத காரியங்கள். புருஷன் அடித்தால், சிலுவையைச் சுமக்கிறேன் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181. பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் தூக்கமில்லை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது பேயும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. வைத்தியம் உள்ள நோய் அது. டாக்டரிடம் போங்கள். மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. நேர்ச்சைக்காகக் கடன் வாங்காதீர்கள். வேளாங்கண்ணிக்குப் போக வட்டிக்கு எடுத்து, அப்புறம் வருஷம் முழுக்க அடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. கையில் காசிருந்தால் போங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் திருவனந்தபுரம் பக்கத்து வெட்டுகாடு கோயிலுக்குப் போய் வாருங்கள், அதற்கும் முடியாவிட்டால் நம் குருசடியில் ஒரு திரி போதும். மாதா கணக்குப் பார்க்கமாட்டாள்.

பெரிய காரியம் செய்தவர்கள் எல்லாரும் மடத்தில் இருந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். மார்த்தாண்டம் பக்கத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் கல்யாணம் செய்து குடும்பம் நடத்தியவர், விசுவாசத்துக்காக 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய மனைவி ஞானப்பூவை நான் அதிகம் நினைப்பேன். புருஷன் சிறையிலும் சித்திரவதையிலும் இருந்த காலத்தில் அந்த அம்மாள் எப்படி ராத்திரிகளைக் கழித்திருப்பார்! கோட்டாறு பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறைக்குப் போனால், அந்த அம்மாளையும் நினைத்து வேண்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. அவர்களைக் கட்டாயப்படுத்தி முழு ஜெபமாலைக்கு உட்கார வைத்தால் வெறுப்புதான் வரும். ஜெபமாலையில் ஒரு பத்துக்கு மட்டும் கூப்பிடுங்கள், முடிவில் ஒவ்வொருவரும் தனக்குப் பயமான ஒன்றைச் சொல்லட்டும். சின்னவன் நாயைச் சொல்வான், மூத்தவள் பரீட்சையைச் சொல்வாள், ஒருநாள் "அப்பா வராவிட்டால்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அப்படியெல்லாம் பேசாதே என்று வாயை அடைக்காதீர்கள். "எனக்கும் அந்தப் பயம் உண்டு, மக்களே" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பெயரையும் போட்டில் இருக்கும் மற்றவர்கள் பெயரையும் அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.