உதகையிலிருந்து திருச்சிக்கு: வீட்டையும் தொட்டிச் செடிகளையும் வெயிலுக்குப் பழக்குதல்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, சென்ற மாசியில் திருச்சிக்கு வந்தோம். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் கூடும் என்பது நான் அறிந்ததுதான். அந்தக் கணக்கு மாவு அரைக்கும் நேரம்வரை எல்லாவற்றையும் மாற்றும் என்பதை, பங்குனிக்குள் பாதிச் செடிகளை இழந்த பிறகே உணர்ந்தேன்.

முதலில், எவற்றைக் கொண்டுவருவது என்பதை முடிவு செய்யுங்கள். ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா ஆகிய குளிர்விரும்பும் பூச்செடிகளை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. கேரட் விதையை ஐப்பசிவரை எடுத்து வைக்கலாம். வெண்டை, கத்தரி, அவரை ஆகியவற்றுக்கு ஆடிப்பட்டம் இருக்கிறது.

அடுத்து வீடு. மலையில் வெயில் உள்ளே வரட்டும் என்று நண்பகலில் ஜன்னலைத் திறந்து வைப்போம். இங்கே காலை ஒன்பது மணிக்கே மூடிவிட்டு, பொழுது சாய்ந்து வெளிக்காற்று தணிந்த பிறகுதான் திறக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே எவ்வளவு தடித்த திரையைத் தொங்கவிட்டாலும், கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடுவதால், வெளிப்புறம் கட்டும் வெட்டிவேர்த் தட்டியையே நான் பரிந்துரைப்பேன். மொட்டைமாடித் தளத்திற்குக் கோடைக்கு முன்பே வெள்ளைச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள்.

இனி, நான் சறுக்கிய இடம்: நீர் ஊற்றுதல். நண்பகலில் தக்காளி இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு, தாகம் என்று எண்ணி ஒரு நாளைக்கு மூன்று முறை ஊற்றினேன். இலைகள் மஞ்சளாகிச் செடிகள் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் அழுகியிருந்தன. கடும் வெயிலில் வேர் உறிஞ்சித் தரும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் மிகுதியாக இருப்பதால், மண் ஈரமாக இருந்தாலும் செடி துவளும். மாலையில் தானே நிமிர்ந்துவிடும். ஆகவே காலை ஆறரை மணிக்குப் பாருங்கள். அப்போதும் துவண்டிருந்து, இரண்டாம் கணுவரை விரலை மண்ணில் நுழைத்தாலும் ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டுமே அது தாகம்.

ஊற்றும்போது அடித்துளையில் நீர் கசியும்வரை ஊற்றுங்கள். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மாடித்தொட்டியிலிருந்து குழாய்வழி வரும் நீர் கையைச் சுடும் என்பதை நான் அறியாமல், அதையே வேருக்கு ஊற்றியிருக்கிறேன். இப்போது குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பூவாளியையே பயன்படுத்துகிறேன். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டவே வேண்டாம். மண்தொட்டி விரைவில் காயும் என்பது உண்மைதான். ஆயினும் அதன் சுவரில் கசிந்து ஆவியாகும் நீர் வேரைக் குளிர்விக்கும். தொட்டிகளைத் தளத்தின்மீது நேராக வைக்காமல் செங்கல்மேல் வைத்து, இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு இடுங்கள். வெயிலில் 50 விழுக்காட்டை மறைக்கும் நிழல்வலை போதும். 75 விழுக்காடு வலை போட்டபோது எனக்குச் செடி நெடுநெடுவென்று வளர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை.

சமையலறையிலும் இதே கதைதான். உதகையில் கம்பளி சுற்றி வைத்தாலும் மறுநாள்வரை பொங்காத இட்லி மாவு, இங்கே ஆறு மணி நேரத்தில் பாத்திரம் வழிந்தது. குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, பொங்கத் தொடங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மலையில் நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இங்கே பருப்பு விரைவில் வேகும் என்பதால் குக்கர் விசில்களையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பின்குறிப்பு: தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறுவதாக வாசகர் சிலர் எழுதியிருந்தார்கள். அது ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை அடித்துளை வழியே நன்றாக வடியும்படி நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைப் பூச்செடிகளுக்கு மட்டும் சேர்த்து வைக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டிகளை நிழல்வலைக்கு வெளியே நகர்த்திவிட்டால், எஞ்சிய உப்பை மழையே கழுவிவிடும்.