"அதான் பணம் கொடுத்தாச்சே": புதிதாக வரைய வருபவர்கள் செய்யும் தவறுகள்

ஜனவரியில் பெங்களூரு குமார கிருபா சாலையில், ஓவியர்கள் தெருவிலேயே படம் விற்கும் சித்திரச் சந்தை நடந்தபோது, பக்கத்தில் கடை விரித்திருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, ஒரு கஃபே சுவருக்கு வரையச் சொல்றாங்க. சதுர அடிக்கு எவ்வளவு கேக்கலாம்?" வேறு எதற்காவது பயன்படுத்துவார்களா என்றேன். "சுவருக்குத்தான், வேற எதுக்கு?" பதினொரு வருஷத்துக்கு முன் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

ரேட்டைக் குறைத்துச் சொல்வது, சொன்ன தேதி தவறுவது எல்லாம் இரண்டு அடி பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

எதற்கு என்று எழுதாமல் வரைவது

இந்திராநகரில் ஒரு காபிக் கடை. மெனு கார்டுக்கு ஒன்பது வாட்டர்கலர் படங்கள், 12,000 ரூபாய். பித்தளை டபராவின் மினுக்கம் சரியாக வரவில்லை என்று அந்தப் படத்தை மட்டும் நான்கு தடவை வரைந்தேன். எட்டு மாதம் கழித்து, அல்சூரில் மளிகைக் கடை அலமாரியில் அதே டபரா, காபித்தூள் பாக்கெட்டின் மேல். ஆவி எழும்பும் இடத்தை வெட்டிவிட்டு பார்கோடு போட்டிருந்தார்கள். போன் செய்தேன். "அதான் பணம் கொடுத்தாச்சே சார்?"

கொதித்துப்போய் வக்கீலிடம் ஓடினேன். அவர் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டினார். படைத்தவருக்கே உரிமை என்பது பொது விதி. ஆனால் ஒருவர் கேட்டு, காசு வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர். போட்டோவுக்கும் அப்படியே. என்னிடம் ஒப்பந்தம் என்று இருந்தது வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரல்.

இப்போது பென்சிலைத் தொடும் முன் மூன்று வரி மின்னஞ்சல் போகும்: உரிமை என்னுடையது, மெனு கார்டுக்கு மட்டும், இரண்டு வருஷம், பாக்கெட், பனியன், விளம்பரம் என்றால் தனிக் காசு. "சம்மதம்" என்று பதில் வந்தால்தான் வேலை. உரிமையையே எழுதிக் கொடுப்பதானாலும் காலமும் இடமும் குறியுங்கள். குறிக்காவிட்டால் 5 வருஷம், இந்தியா முழுதும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

"ஒரே ஒரு சாம்பிள்"

அதற்கும் காசு.

அட்வான்ஸ்

பாதி. முன்னாலேயே.

உத்யம் பதிவு இல்லாமல் பில் போடுவது

நம் வேலையைச் சிறு தொழில் என்று அரசிடம் பதிவதுதான் உத்யம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது; வேலை எடுக்கும் முன்பே பதிந்து வையுங்கள். 2006ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் கூட்டு வட்டி. பில்லின் அடியில் அந்தப் பதிவு எண்ணைப் பார்த்ததும் சில அக்கவுண்டன்ட்களுக்கு ஞாபகசக்தி திரும்பிவிடுகிறது.

சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகை

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. போன மாதம்கூட சித்தி மகனுக்கு ஒன்று வரைந்து கொடுத்தேன்.