லைன் வண்டி ஓட்டுபவருக்கு மருத்துவக் காப்பீடு: ரூட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

குன்னூரில் தேயிலை ஏற்றிக்கொண்டு புனே, மும்பை என்று போகிற வண்டி. ஊட்டி கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு அங்கிருந்து வேறு லோடு பிடிக்கிற வண்டி. கூடலூர் வழியாக மைசூரு, பெங்களூரு ஓடுகிற வண்டி. இவற்றை ஓட்டுபவர்கள் மாதத்தில் பல நாள் மலையில் இருப்பதில்லை. பாலிசி எடுக்கும்போது மட்டும் ஊட்டியிலும் கோவையிலும் எந்த ஆஸ்பத்திரி கிடைக்கும் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நெஞ்சுவலி கோலாப்பூரில் வந்தால் அந்த பாலிசி எவ்வளவு கொடுக்கும்? கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துப் படியுங்கள்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். வண்டி இன்சூரன்ஸ் மருத்துவக் காப்பீடு ஆகாது. ஓனரே ஓட்டுகிற வண்டியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கும். அது உயிரிழப்புக்கும், கை, கால், கண் போன நிரந்தர ஊனத்துக்கும்தான். கால் முறிந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பில்லுக்கு அதில் ஒரு ரூபாய் வராது. சம்பளத்துக்கு ஓட்டுபவர் என்றால் ஓனரின் பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். பாலிசித் தாளில் ‘ஐஎம்டி 28’ என்று இருக்கும், அதற்கான பிரீமியம் ஒரு ஆளுக்கு 50 ரூபாய். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீட்டுக்கு அது வழி. பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும், அட்மிஷன் கவுன்டரில் அதைக் காட்டிப் பயனில்லை.

அடுத்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். தகுதி இருந்தால் இதை விடவே கூடாது. ஆனால் அட்டை கையில் இருப்பதாலேயே வெளிமாநிலத்திலும் செல்லும் என்று எண்ணாதீர்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பட்டியலிலும் உங்கள் குடும்பம் இருந்தால்தான் அந்த வசதி. அட்டை எண்ணை வைத்துக்கொண்டு 1800 425 3993 என்ற எண்ணில், “எனக்கு வெளிமாநிலத்தில் செல்லுமா?” என்று நேராகவே கேளுங்கள்.

மூன்றாவது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் டிரான்ஸ்போர்ட்டில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலாளி உங்களைச் சேர்த்தாக வேண்டும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் அவர்கள் கட்டுவது. தனியார் பாலிசியில் இல்லாத ஒன்று இதில் உண்டு: உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் நாட்களுக்கு, பங்களிப்பு நாட்கள் நிறைவாக இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். “பேட்டா கூடத் தருகிறேன், இஎஸ்ஐ வேண்டாம்” என்று சொல்லும் இடங்களில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 2: ஹால்ட் போடும் ஊர்களை எழுதுங்கள்

ஒரு தாளில் கடந்த ஆறு மாத டிரிப்புகளை எழுதி, வண்டி நின்ற ஊர்களை வட்டமிடுங்கள். லோடு இறக்கக் காத்திருந்த ஊர், இரவு தூங்கிய ஊர், செக்போஸ்ட் என எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடலூர் வழியாகப் போகிறவர்களுக்குப் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பது தெரிந்ததுதான். அப்படியென்றால் ராத்திரி குண்டல்பேட்டைப் பக்கம் நிற்கிறீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு மைசூரு போக வேண்டும். மும்பை லைன் என்றால் தும்கூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே.

இந்த ஊர்களின் பின்கோடுகளை இன்சூரன்ஸ் கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, கேஷ்லெஸ் ஆஸ்பத்திரி, அதாவது நீங்கள் பணம் கட்டாமல் கம்பெனியே நேராக பில்லைக் கட்டும் ஆஸ்பத்திரி, இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல் வேண்டாம், அது எந்த வருடத்துப் பட்டியல் என்று யாருக்கும் தெரியாது. வட்டமிட்ட ஊர்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி இல்லாத கம்பெனியை அங்கேயே கழித்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் ஏற்பாடு வந்தது. அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியும் கம்பெனியும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்பதால், இதை நம்பி மட்டும் பாலிசி எடுக்க வேண்டாம்.

படி 3: மண்டலம். வழுக்கும் இடம் இதுதான்

பல பாலிசிகள் நாட்டை மண்டலமாகப் பிரித்து பிரீமியம் போடுகின்றன. மும்பை, டெல்லி போன்ற ஊர்கள் முதல் மண்டலம், சிறு ஊர்கள் கடைசி மண்டலம். வீட்டு முகவரி 643001 என்றோ 643101 என்றோ போட்டதும் பிரீமியம் குறைவாகக் காட்டும், மனம் அங்கேயே நின்றுவிடும். கடைசி மண்டலத்துப் பிரீமியம் கட்டியவர் முதல் மண்டலத்தில் சிகிச்சை எடுத்தால் பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும் என்ற விதி பாலிசியின் உள்ளே இருக்கும். இதற்கு மண்டல கோ-பே என்று பெயர்.

மும்பையில் 4 லட்சம் பில், 20 சதவீத கோ-பே என்றால் 80,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். மலையிலேயே இருக்கும் எஸ்டேட் ஊழியருக்கோ கடைக்காரருக்கோ குறைந்த மண்டலம் சரியான தேர்வு. லைன் ஓட்டுபவருக்கு அது ஆகாது.

இதைக் கண்டுபிடிக்க, பாலிசி விதிமுறை முழு ஆவணத்தைத் தரவிறக்கி அதில் ‘ஸோன்’, ‘கோ-பேமென்ட்’ என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் படித்தால் தவறவிடுவீர்கள். மண்டல கோ-பே இருந்தால், கூடுதல் பிரீமியம் கட்டி உயர்ந்த மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள். சில கம்பெனிகளில் உண்டு. இல்லையென்றால் வேறு பாலிசி பாருங்கள். விபத்துக்கு இந்த கோ-பே கிடையாது என்று சில பாலிசிகளில் இருக்கும். நல்லதுதான், ஆனால் மாரடைப்பு விபத்தில் சேராது.

பட்ஜெட் குறைவு என்றால் என் தேர்வு ஆரோக்ய சஞ்சீவனி. 2020 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த பொதுப் பாலிசி அது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. நாடு முழுக்க ஒரே பிரீமியம், மண்டலப் பிரிவு இல்லை. எல்லாருக்கும் எல்லா ஊரிலும் 5 சதவீத கோ-பே. மேலே சொன்ன 4 லட்சம் பில்லுக்கு அது 20,000 ரூபாய். குறையும் உண்டு: அறை வாடகை நாளுக்கு அதிகபட்சம் 5,000, ஆம்புலன்ஸுக்கு 2,000.

அந்த ஆம்புலன்ஸ் தொகையை மலையில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஊட்டியிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர், வெண்டிலேட்டர் வைத்த தனியார் வண்டி என்றால் 2,000 ரூபாய் எந்த மூலைக்கு? 108-ஐ முதலில் அழையுங்கள், அது இலவசம். பாலிசி ஒப்பிடும்போது ஆம்புலன்ஸ் வரம்பு கூடுதலாக உள்ளதற்கு ஒரு மதிப்பெண் அதிகம் போடுங்கள்.

படி 4: அறை வாடகை வரம்பு

5 லட்சம் பாலிசி, அறை வாடகை 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் கூடுதல் 3,000-ஐ மட்டும் கட்டினால் போதும் என்று தோன்றும். அப்படி இல்லை. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் கட்டணங்களையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைப்பார்கள். அவை 1,60,000 என்றால் 1,00,000 தான் வரும். மருந்து, பொருத்தும் கருவிகள், பரிசோதனை, ஐசியூ ஆகியவற்றில் இந்த வெட்டு கிடையாது. ஆகவே வாடகை வரம்பே இல்லாத பாலிசி, அல்லது ‘தனி ஏசி அறை’ என்று எழுதியிருப்பது நல்லது. வரம்புள்ள பாலிசிதான் கையில் இருக்கிறது என்றால், சேர்க்கும்போதே “5,000-க்குள் அறை போதும்” என்று சொல்லும்படி வீட்டிலும் கிளீனரிடமும் சொல்லி வையுங்கள்.

படி 5: விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

எடுத்த முதல் 30 நாளுக்கு விபத்து தவிர எதுவும் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும். இவை தவிர, குறிப்பிட்ட நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, பெரும்பாலும் 24 மாதம். பைல்ஸ், ஹெர்னியா, கிட்னி கல், முதுகு டிஸ்க் எல்லாம் அதில்தான். பகல் முழுக்க உட்கார்ந்து, தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி ஓட்டுபவர்களுக்கு வருவதே இவைதான். வலி வந்தபிறகு பாலிசி எடுத்துப் பயனில்லை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

சுகர், பிபி இருந்தால் எழுதுங்கள். “எழுதினால் தர மாட்டாங்க” என்று ஏஜென்ட் ‘இல்லை’ என்று டிக் செய்வது வழக்கமாக நடக்கிறது. பிறகு எங்கே மாட்டுகிறது தெரியுமா? அட்மிஷனில் டாக்டர் கேட்பார், கூட வந்த கிளீனர் “அண்ணனுக்கு நாலஞ்சு வருஷமா சுகர் இருக்குங்க” என்பார். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும், பாலிசி எடுத்தது இரண்டு வருடம் முன்பு. கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். தொழில் என்ற இடத்தில் ‘கனரக வாகன ஓட்டுநர்’ என்றே எழுதுங்கள். ஹான்ஸ், பீடி, மது பற்றிய கேள்விக்கும் உள்ளதைச் சொல்லுங்கள்.

பாலிசி வந்ததும் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். அந்த நாட்களில் பெயர், பிறந்த தேதி, சொன்ன நோய்கள் எல்லாம் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், லைசென்ஸில் வேறு இனிஷியல் என்றால் இப்போதே திருத்துங்கள்.

மாதத் தவணை வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை கட்டுங்கள். டிரிப்பில் இருக்கும்போது கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் 15 நாள்தான் அவகாசம்.

படி 6: விபத்துக்குத் தனியாக ஒன்று

கால் முறிந்தால் ஆஸ்பத்திரி பில்லோடு முடியாது, மூன்று மாதம் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. தனிநபர் விபத்துப் பாலிசியில் ‘தற்காலிக முழு இயலாமை’ என்ற பிரிவு இருப்பதை எடுங்கள். பொதுவாகக் காப்புத் தொகையில் வாரத்துக்கு 1 சதவீதம், 100 வாரம் வரை தருவார்கள். வாரத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தருகிறது. அதையும் வைத்திருங்கள், மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும். குடித்துவிட்டு ஓட்டியதாக ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஏறினாலோ, லைசென்ஸ் காலாவதியாகியிருந்தாலோ விபத்துக் கிளெய்ம் சிக்கலாகிவிடும்.

சாலை விபத்துக்கு அரசு உதவியும் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில், அதற்கென்று குறித்த ஆஸ்பத்திரிகளில் 7 நாளுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை.

படி 7: வண்டியில் என்ன இருக்க வேண்டும்

பாலிசி அட்டையின் நகல் ஒன்று ஆர்சி புத்தக உறையில், ஒன்று சட்டைப் பையில். மனைவியின் போனிலும் ஓனரின் போனிலும் அதன் படம். பதிவு செய்த மொபைல் எண் வீட்டில் இருப்பவருடையதாக இருப்பது நல்லது. நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது ஓடிபி உங்கள் போனுக்கு வந்து என்ன பயன்?

நெடுஞ்சாலையோரச் சின்ன நர்ஸிங் ஹோமில் சேர நேர்ந்து, பணம் கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்வதாக இருந்தால் இவற்றைப் பாருங்கள். 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும், இரவு ட்ரிப்ஸ் ஏற்றிக் காலையில் கிளம்பினால் வராது. ஆஸ்பத்திரி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் சிறு ஊரில் 10 படுக்கை, 10 லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரத்தில் 15 படுக்கையும், 24 மணி நேர டாக்டர், நர்ஸும் வேண்டும். கிளம்பும் முன் பதிவு எண், படுக்கை எண்ணிக்கை போட்ட சீலோடு ஒரு தாள் வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபிறகு அதற்காக மறுபடி பெல்காம் போக முடியாது. கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில், பணம் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டு, ஸ்கேன் படம், எலும்பில் பிளேட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர். விபத்து என்றால் எம்எல்சி (போலீஸ் வழக்குக்காக ஆஸ்பத்திரி போடும் பதிவு) அல்லது எஃப்ஐஆர் நகல்.

கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்பது 2024 மே விதி. இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், அடுத்து ஆணையத்தின் 155255. அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பிற்சேர்க்கை

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. 18 சதவீதம் சேர்த்த பழைய விலைப்பட்டியலை யாராவது காட்டினால் புதியது கேளுங்கள்.

அப்பா, அம்மாவையும் ஒரே குடும்பப் பாலிசியில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேர்க்காதீர்கள். குடும்பப் பாலிசியில் மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் ஏறும், அவர்களின் ஒரு ஆபரேஷனிலேயே மொத்தத் தொகையும் தீர்ந்துவிடலாம். அவர்களுக்குத் தனியாக எடுங்கள். அவர்கள் ஊரிலேயே இருப்பவர்கள் என்பதால், அங்கே மட்டும் குறைந்த மண்டலப் பிரீமியம் போதும்.